நான்கு கூறாகிய சிவப்பு மருந்து

அவையை நடத்த வந்திருக்கும் தலைவர் திரு. அன்புச்செல்வன் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் மருத்துவப் பெருமக்களே, மலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் வனத்துறை அதிகாரி அவர்களே, நாற்காலி கிடைத்தும் அதை மற்றவருக்குக் கொடுத்துவிட்டு நிற்கும் பெரியவர்களே, அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, அணைக்காமல் வந்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே, கள்ளக்குறிச்சி நகரத்துப் பெருமக்களே, கல்வராயன் மலை மக்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

தலைவர் என்னை மறைந்த மருத்துவரின் துணைவியார் என்று அறிமுகம் செய்தார். உண்மைதான். ஆனால் அவர் மறைந்த பிறகும் நம் காசநோய்த் தடுப்புச் சங்கத்தின் மருந்து அலமாரிச் சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. அதனால் துணைவியாராக நான் இங்கே நிற்கவில்லை, சாவிக்காரியாக நிற்கிறேன்.

கை தட்டாதீர்கள். கேட்ட பிறகு தட்டுங்கள். என்னைப் படிக்க வைத்த கன்னியாஸ்திரிகள், பேசத் தொடங்கும் முன் கை தட்டுகிறவர்களை வகுப்புக்கு வெளியே நிறுத்துவார்கள்.

இன்று இந்தக் கூட்டம் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றப் போகிறது. மருந்து போதவில்லை. நோயாளிகள் பெருகிவிட்டார்கள். ஆகவே இருக்கிற மருந்தை எல்லாருக்கும் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுப்போம் என்பது தீர்மானம். கேட்பதற்கு எவ்வளவு இனிமை! எவ்வளவு நியாயம்! எவ்வளவு கருணை! நான் அதை எதிர்த்துப் பேச வந்திருக்கிறேன். ஏனென்றால், இந்தத் தீர்மானம் நிறைவேறினால் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் செல்லியம்மாள் என்ற பெண் செத்துப்போவாள்.

சலசலப்பு வேண்டாம். அவள் யார் என்று சொல்கிறேன்.

செல்லியம்மாள் சடையனின் மனைவி. தினையும் சாமையும் விதைக்கும் குடும்பம். சென்ற ஆடியில் இருமி இருமி, இரத்தம் கக்கி, கட்டிலோடு நம் மருத்துவமனைக்குத் தூக்கி வரப்பட்டாள். மருந்து கொடுத்தோம். வெள்ளை மாத்திரைகளோடு, ஓட்டுக்குள் பொடி அடைத்த ஒரு சிவப்பு மாத்திரை. ரிஃபாம்பிசின் என்று பெயர். விலை உயர்ந்தது, வீரியம் மிகுந்தது, விடியற்காலை வெறும் வயிற்றில் விழுங்க வேண்டியது. விழுங்கினாள். எடை கூடியது, இருமல் குறைந்தது. ஆவணியில் எழுந்து நடந்தாள், மருந்தோடு வீட்டுக்கு அனுப்பினோம். ஆவணி முடிவதற்குள் மறுபடி படுத்துவிட்டாள்.

ஏன்? மருந்து பொய்யா? மருத்துவர் பொய்யா? மலைக்காற்று பொய்யா?

அதை அறியத்தான் நான் மலையேறினேன். என்னோடு வந்தவள் எழில்மதி. சின்னசேலத்துப் பெண். சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில், காசநோய் மருந்து கிருமிக்குள்ளே எதைப் பிடிக்கிறது, எங்கே பிடிக்கிறது, எப்படிப் பிடிக்கிறது என்று ஆராய்கிறவள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மலையில் மஞ்சு இறங்கிக் கொண்டிருந்தது. வீடுகள் பாலில் நனைந்தவை போல நின்றன. சத்தங்கள்கூட மெத்தென்று வந்தன. அந்த வெண்மைக்குள் சடையன் குந்தியிருந்தான். அவன் முன்னே ஒரு மந்தாரை இலை. இலையின் மேல் செங்கல் நிறத்தில் ஒரு பொடி. அதைத் துடைப்பக் குச்சியால் பிரித்துக் கொண்டிருந்தான். நான்கு குவியல். ஒன்றுக்கொன்று குறையாத, கூடாத நான்கு குவியல்.

"சடையா, இன்னா செய்யற?" என்றாள் எழில்மதி.

"கூறு போடறங்க."

"இது கேப்சூல்ல இருந்த மருந்துதான?"

"ஆமாங்க. ஓட்ட ஒடச்சி கொட்டிட்டன். எம் பொண்டாட்டிக்கி ஒண்ணு, எங்க அம்மாளுக்கு ஒண்ணு, தம்பி அம்மாசிக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. நாலு பேருந்தான இருமிக்கினு இருக்கறோம்?"

"நோவு ஒம் பொண்டாட்டிக்குய்யா! மருந்தும் அவளுக்குத்தான்!"

உள்ளேயிருந்து செல்லியம்மாளின் குரல் வந்தது. மெல்லிய குரல், ஆனால் மடங்காத குரல். "அது எப்படிங்க? பன்னி அடிச்சா பல்லு போனவங்களுக்கும் ஒரு கூறு உண்டு. வவுத்துல இருக்கற புள்ளைக்கும் ஒரு கூறு உண்டு. இதுக்கு மட்டும் இல்லாம பூடுமா?"

வனத்துறை அதிகாரி மேடையில் இருக்கிறார். பன்றி பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. அப்படித்தானே ஐயா? தலையாட்டுகிறார். நன்றி.

அன்பர்களே, அந்த மலை வீட்டில் யாரும் திருடவில்லை. யாரும் ஏமாற்றவில்லை. எது வந்தாலும் கூறு போட்டு உண்பது அவர்கள் வழக்கம். தேன் வந்தால் கூறு, பலா வந்தால் கூறு, வேட்டை வந்தால் கூறு. அப்படிப்பட்ட வீட்டுக்குள் நாம் ஒரே ஒரு மாத்திரையை அனுப்பினோம். அவர்கள் அதற்கும் மரியாதை செய்தார்கள்.

"நீ மட்டும் முழுசாத் தின்னாத்தான் பொழைப்ப" என்று எழில்மதி எடுத்துச் சொன்னாள், ஏங்கிச் சொன்னாள், இறைஞ்சிச் சொன்னாள். செல்லியம்மாள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னாள்: "நான் மட்டும் தின்னுட்டு அவுங்க மூஞ்சிய எப்படிப் பாக்கறது? குடுத்தா நாலு பேருக்கும் குடுங்க. இல்லாங்காட்டி எடுத்துக்கினு போங்க."

இனி என்ன செய்வது? முதலில் ஒன்று தெரிய வேண்டும். இத்தனை நாள் காலளவு மருந்தைத் தின்றதில், அவள் உடம்பிலுள்ள கிருமி அந்த மருந்துக்கு இன்னும் அடங்குமா, அடங்காதா? அடங்காது என்றால் முழு மாத்திரை கொடுத்தும் பயனில்லை. ஆகவே நான்கு பேரின் சளியையும் நான்கு குப்பிகளில் வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து, சென்னைக்கு அனுப்பப் புறப்பட்டோம்.

புறப்பட்ட நாள் என்ன நாள் தெரியுமா? சென்ற புரட்டாசியின் முதல் வாரம்.

ஆம், பெருமூச்சு விடுகிறீர்கள். உங்களுக்குத் தெரியும். இட ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டமெங்கும் சாலை மறியல். வழியெல்லாம் வெட்டிச் சாய்த்த மரங்கள். பேருந்து இல்லை, பால் வண்டி இல்லை. உயிர்களும் போயின அந்த வாரத்தில். அந்த உயிர்களுக்கு இந்த மேடையிலிருந்து தலை வணங்கிவிட்டு மேலே சொல்கிறேன்.

சின்னசேலத்தில் ரயில் ஏற்றலாம் என்று போனோம். கள்ளக்குறிச்சியைத் தாண்டி, சின்னசேலம் சாலையில் எங்கள் ஜீப்பின் முன்னே ஒரு புளியமரம் குறுக்கே கிடந்தது. அதன்மேல் வரிசையாக ஆட்கள். ஓட்டுநர் பொன்னுரங்கம் என்னைத் தடுத்தார். "அம்மா, எறங்காதீங்க. நான் பேசிக்கிறேன்."

"பொன்னுரங்கம், நீர் பேசினால் சண்டை வரும். நான் பேசினால் அவர்களுக்குத் தூக்கம் வரும். தூக்கம் மேல்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

மரத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தவர் கரும்பு விவசாயி கொளஞ்சியப்பன். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்புகிறவர்.

"ஏம்மா, இம்மாம் பெரிய மரம் கெடக்குது, கண்ணு தெரியல?"

"தெரிகிறது. அதனால்தான் வண்டி நின்றது."

"பொட்டியில இன்னா?"

"சளி."

"இன்னாது?"

"மலையில் நான்கு பேர் துப்பிய சளி. சென்னைக்குப் போகிறது."

கொளஞ்சியப்பன் எழுந்து நின்று தன் ஆட்களைப் பார்த்துக் கூவினார்: "டேய், கேட்டுக்கினீங்களா? நம்மூர்ல கரும்புதான் ஏத்துமதி ஆவுதுன்னு இருந்தோம். இப்ப சளியும் ஏத்துமதி ஆவுதாம்டா! ஏம்மா, மெட்ராஸ்ல இல்லாத சளியா?"

மரம் முழுக்கச் சிரித்தது. சிரிக்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு எழில்மதியைப் பார்த்தேன். அவள் பெட்டியை மரத்தின் மேல் வைத்துவிட்டுச் சொன்னாள். அவள் சொன்னதைத்தான் இப்போது உங்களுக்கும் சொல்கிறேன். தாய்மார்கள் சற்று முன்னே நகருங்கள், இது உங்கள் கைக்குத் தெரிந்த கதை.

"அண்ணா, கிருமிக்குள்ள ஒரு புரதம் இருக்குது. கிருமி எப்படி வாழணும், எப்படிப் பெருகணும்னு ஒரு மூலப் பிரதி இருக்குதில்ல, அதப் பாத்துப் பாத்து நகல் எடுக்கறதுதான் அந்தப் புரதத்தோட வேல. நகல் நின்னா கிருமி நின்னுது. அந்தப் புரதம் வழவழன்னு ஒரே கட்டியா இருக்காது. மடிஞ்சி மடிஞ்சி, நடுவுல ஒரு குழிவு இருக்கும். வளையல்காரர் வந்தா இன்னா பண்றாரு? கையப் புடிச்சி, வெரல மடக்கி, எலும்ப ஒடுக்கி வளையல ஏத்தறாரு. வளையலும் அளவா இருக்கணும், கையும் மடங்கிக் குடுக்கணும். அப்படித்தான் இந்தச் செவப்பு மருந்து அந்தக் குழிவுல போயி ஒக்காருது. ஒக்காந்துட்டா, நகல் ரெண்டு மூணு எழுத்துக்கு மேல வெளிய வர முடியாது. மருந்து வழியில குந்திக்கினு இருக்கும்."

"நம்மள மாதிரி" என்றார் மரத்தின் மேல் ஒருவர்.

"ஆமாண்ணா, உங்கள மாதிரியே. ஆனா கோடிக் கிருமியில ஒண்ணு ரெண்டு, பொறக்கும்போதே கையில ஒரு எலும்பு தடிச்சிப் பொறந்துடும். அந்தக் கைக்கு வளையல் ஏறாது. மருந்த முழுசா, கூட்டு மருந்தோட தின்னா, இது விட்டத அது புடிக்கும். ஒண்ணும் தப்பாது. அரையும் காலுமாத் தின்னா, சாதுவான கிருமி சாவும், தடிச்ச கை மட்டும் தங்கிப் பெருகும். அப்பறம் மூட்ட மூட்டயா மருந்து குடுத்தாலும் ஏறாது."

அன்பர்களே, நான் வளையல் அணிந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் எழில்மதி சொன்னபோது என் மணிக்கட்டில் குளிர்ச்சியாக ஏதோ ஏறியது.

ஒன்றைத் திட்டமாகச் சொல்லிவிடுகிறேன். வேறு கிருமிகளில் இந்தக் குழிவைப் பற்றி ஆய்வாளர்கள் நிறையக் கண்டறிந்திருக்கிறார்கள். காசநோய்க் கிருமியில் எந்த எலும்பு எங்கே தடிக்கிறது என்பதை இன்னும் தேடிக் கொண்டிருக்கிறார்கள். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லி நான் கைதட்டு வாங்க மாட்டேன்.

கொளஞ்சியப்பனும் அவர் ஆட்களும் ஒதுங்கிப் போய்க் கலந்து பேசினார்கள். நான் அந்தப் புளியமரத்தின் மேலேயே உட்கார்ந்தேன். நடுப்பகல். வெட்டுண்ட இலைகளின் புளித்த வாசம். வண்டிகளே இல்லாத நெடுஞ்சாலையில் அப்படி ஓர் அமைதி. என் கண் செருகியது.

நான் சிறுத்துப் போனேன். கடுகாய்ச் சிறுத்து, தூசியாய்ச் சிறுத்து, தூசியின் தூசியாய்ச் சிறுத்து, அந்த ஐஸ் பெட்டிக்குள் இறங்கினேன். மெழுகால் எழுப்பிய ஒரு மதில். கிருமியின் மதில். அதன் வழவழப்பில் வழுக்கி உள்ளே விழுந்தேன். உள்ளே மாலை வெளிச்சம் போல ஒரு மங்கல். புரதங்கள் பட்டுச் சேலைகளைப் போல மடிந்து, விரிந்து, மறுபடி மடிந்து மிதந்தன. ஒன்றையொன்று தொட்டு விலகின, விலகித் தொட்டன. பகை என்று எதுவும் அங்கே தெரியவில்லை. அழிக்க வேண்டிய கிருமி இத்தனை அழகா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. நடுவில் அந்தப் புரதம் நகல் எடுத்துக் கொண்டிருந்தது, பூத்தொடுக்கும் விரல்களைப் போல ஓயாமல். அப்போது மேலேயிருந்து சிவப்பாக ஒன்று இறங்கியது. ஆரவாரமில்லை, அடிதடியில்லை. தன் இடம் தெரிந்த விருந்தாளி போல வந்தது, குனிந்தது, குழிவில் அமர்ந்தது. விரல்கள் நின்றன. ஓர் எழுத்து, இரண்டு எழுத்து, அப்புறம் மௌனம். அந்த மௌனம் மதிலெங்கும் பரவியது. அந்த மௌனத்துக்கு வெளியே, எங்கோ உயரத்தில், செல்லியம்மாள் இருமாமல் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"ஏம்மா! தூங்கறீங்களா?"

விழித்தேன். கொளஞ்சியப்பன் எதிரில் நின்றார்.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. நாங்க பங்கு குடு, பங்கு குடுன்னு ரோட்ல குந்திக்கினு இருக்கறோம். நீங்க இன்னாடான்னா நட்ட நடு ரோட்ல வந்து, பங்கு போடாதேன்னு சொல்றீங்க. வேற ஆளா இருந்தா இந்நேரம் ஒதை வாங்கிக்கினு இருப்பாங்க!"

நல்ல கேள்வி. நான் வாழ்க்கையில் கேட்ட நல்ல கேள்விகளில் ஒன்று. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல் என்று எனக்குக் கற்பித்திருக்கிறார்கள். அதனால் சுற்றி வளைக்காமல் திருப்பிக் கேட்டேன்.

"ஐயா, பள்ளிக்கூடத்தில் உங்கள் பிள்ளைகள் நால்வருக்கு ஒரே ஓர் இடத்தைக் கொடுத்து, ஆளுக்கு மூன்று மாதம் படிக்கட்டும், இதுதான் உங்கள் பங்கு என்று சொன்னால் வாங்குவீர்களா?"

"அதெப்படிம்மா? அது பங்கா? பச்ச ஏமாத்து!"

"அதைத்தான் நாங்கள் அந்த மலை வீட்டுக்குச் செய்திருக்கிறோம். ஒன்றைக் கொடுத்துவிட்டு, நான்கு பேரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னோம். பங்கு போட்டது அவர்கள் குற்றமில்லை. ஒன்றே ஒன்று கொடுத்தது எங்கள் குற்றம்."

அவர் பெட்டியின் மூடியைத் தட்டிப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "தூக்குங்கடா பொட்டிய. பாத்து, பாத்து. வளையல் கட மாதிரி தூக்கணும்."

பெட்டி மரத்தைத் தாண்டியது. எழில்மதி பின்னாலேயே நடந்தாள். அடுத்த மரத்து ஆட்கள் வாங்கினார்கள். அதற்கடுத்த மரத்து ஆட்கள் வாங்கினார்கள். ஐஸ் கரைந்தபோது ஒரு சோடாக் கடைக்காரர் தன் கட்டியை உடைத்துப் போட்டார். ஒரு வண்டியும் ஓடாத சாலையில், செல்லியம்மாளின் உயிர் கைமாறிக் கைமாறிச் சின்னசேலம் போய்ச் சேர்ந்தது. ரயில் ஓடத் தொடங்கியதும் சென்னைக்கும் போனது.

இந்தக் கிருமி சோம்பேறி. வளர வைத்துச் சோதிக்க வாரக்கணக்கில் ஆகும். ஐப்பசி போய்க் கார்த்திகை வந்தது. அதுவரை அந்த வீட்டில் நால்வருக்கும் சிவப்பு சேராத பழைய மருந்துகளையும் நம்பிக்கையையும் கொடுத்துத் தாங்கினோம். கார்த்திகை மழையில் எழில்மதியே நனைந்துகொண்டு வந்து நின்றாள். வாசலிலிருந்தே சொன்னாள்.

"அம்மா, வளையல் ஏறுது!"

மூன்று பேருக்கு நோய் இருந்தது. செல்லியம்மாள், அவள் மாமியார், கொழுந்தன் அம்மாசி. மூவரின் கிருமியும் மருந்துக்கு அடங்கும் கிருமி. சடையனுக்கு நோயே இல்லை, அவனுக்கு வெறும் புகையிலை இருமல். மூன்று பேருக்கும் மூன்று முழு மருந்தை நானே அலமாரியைத் திறந்து எடுத்துக்கொண்டு மலையேறினேன்.

முடிந்தது என்று நினைக்கிறீர்களா? செல்லியம்மாள் கையில் மாத்திரையை வைத்துக்கொண்டு விழுங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னும் என்னம்மா?" என்றேன்.

"அவருக்கு?"

"அவனுக்கு நோயில்லையே."

"நோவு இல்லன்னா கூறும் இல்லயா?"

தலைவர் அவர்களே, நான் யாரிடமும் எளிதில் தோற்பவளில்லை. அன்று தோற்றேன். என் பையில் சத்து மாத்திரை இருந்தது. மஞ்சள் நிறத்தில், வீட்டுக்கு வீடு இருக்குமே, அதுதான். அதில் ஒன்றைச் சடையனின் உள்ளங்கையில் வைத்தேன். நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, ஒரே நேரத்தில் விழுங்கினார்கள்.

சில நாள் கழித்துச் சடையன் என்னிடம் குறை சொல்ல வந்தான். தாய்மார்கள் முகம் சுளிக்கக் கூடாது, இது மருத்துவக் கூட்டம். சிவப்பு மருந்து தின்றால் சிறுநீர் சிவந்துதான் போகும். "அவுங்க மூணு பேருக்கும் செவப்பாப் போவுதுங்க. எனக்கு மட்டும் மஞ்சளா வருது. என் கூறு கம்மிங்களா?" என்றான்.

சிரியுங்கள், சிரியுங்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு இந்தக் கூட்டத்துக்கான அழைப்பு வந்ததும் சிரிப்பை நிறுத்தினேன்.

செல்லியம்மாள் இன்று தண்ணீர்க் குடம் தூக்குகிறாள். ஆனால் இன்னும் மருந்து முடியவில்லை. நடுவழியில் நிற்கிறாள். பாதிப் பாதி என்று இன்று நீங்கள் கை தூக்கினால், நாளையிலிருந்து அவள் கையில் பாதி மருந்து. சாதுவான கிருமி சாகும், தடித்த கை தங்கும். பிறகு எந்த மருந்து ஏறும்? எந்த மருத்துவர் ஏற்றுவார்? மலையில் படிக்காத சடையன் இலையில் போட்ட கூறு பிழை என்றால், மின்விசிறிக்குக் கீழே படித்தவர்கள் தாளில் போடும் கூறு எப்படிச் சரியாகும்? அவன் ஒரு வீட்டுக்குச் செய்ததை, நாம் ஒரு தாலுகாவுக்கே செய்யப் போகிறோமா?

மருந்து குறைவு என்கிறீர்கள். குறைவுதான், என் சாவிக்குத் தெரியாதா? குறைவாக இருந்தால் கேளுங்கள். கோட்டைக்குப் போய்க் கேளுங்கள். ஆலை வாசலில் நின்று கேளுங்கள். ரிஷிவந்தியத்து விவசாயியிடம் கேளுங்கள், சின்னசேலத்து வியாபாரியிடம் கேளுங்கள். கொடுக்கும் வரை கேளுங்கள். கேட்பது எப்படி என்று சென்ற புரட்டாசியில் இந்த மண் நாட்டுக்கே காட்டவில்லையா? தொடங்கிய ஒருவருக்கும் மருந்து நிற்கக் கூடாது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு முழு மருந்தும் கையில் வந்த பிறகே தொடங்க வேண்டும். அதுவரை அவருக்காக நாம் உறங்கக் கூடாது. முழுதாகக் கேட்போம்! முழுதாகப் பெறுவோம்! முழுதாகக் கொடுப்போம்! ஒரு குடும்பத்துக்கு ஒன்றல்ல, ஓர் உயிருக்கு ஒன்று!

இப்போது தட்டலாம்.

போதும். தலைவர் என் காதருகே வந்து ஏதோ சொல்கிறார். கேட்கவில்லை ஐயா. என்ன? தீர்மானத்தைத் திரும்பப் பெறுகிறீர்களா? என் காதில் சொல்லாதீர்கள். இதோ மைக், இதில் சொல்லுங்கள். மலை வரைக்கும் கேட்கட்டும்.

கேட்டீர்களா? எல்லாரும் கேட்டீர்கள். நாளைக் காலைப் பேருந்தில் செல்லியம்மாள் வீட்டுக்கு மருந்து குறையாமல் போகிறது.

பொறுமையோடு செவிமடுத்த பெரியோர்களே, கைக்குழந்தையைத் தோள் மாற்றித் தோள் மாற்றி நின்ற தாய்மார்களே, உங்களுக்கு என் நன்றி. விடைபெறும் வணக்கத்தை மொத்தமாக ஒன்று சொல்லிவிட்டு, நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள் என்று நான் போகப் போவதில்லை. உங்களில் ஒவ்வொருவருக்கும், ஆளுக்கு ஒரு முழு வணக்கம்.